நடுங்கும் இடத்தில் நிற்காதே

என் சித்திக்கு எதையும் மெதுவாகச் சொல்ல வராது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதிக் கதை முடிந்திருக்கும். மீதியைக் கேட்க அவள் பின்னாலேயே சமையலறைவரை ஓட வேண்டும். பதினெட்டு வருஷமாக இயந்திரங்களுக்கு நடுவில் நின்று பேசியதால் அவள் குரல் எப்போதும் ஒரு படி மேலேதான் இருக்கும். வீட்டில் உப்பு கேட்டாலும் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

அவள் வேலை பார்ப்பது ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில். முதல் ஆறு வருஷம் மடிப்பு மேசை. பிறகு துவைக்கும் இயந்திரம். அதற்குப் பிறகுதான் அவள் ஆசைப்பட்ட இடம் கிடைத்தது: பிழியும் இயந்திரம். ஆள் உயரத் தொட்டி அது. ஈர விரிப்புகளை உள்ளே போட்டு வேகமாகச் சுழற்றினால், தண்ணீர் தொட்டியின் ஓட்டைகள் வழியாகச் சிதறி வெளியே போய்விடும்.

"மடிக்கிறவளுக்குக் கை இருந்தா போதும். பிழியறவளுக்குக் காது வேணும்" என்பாள் சித்தி. அது வெறும் பெருமை இல்லை. தொட்டிக்குள் நாணயம் கிடந்தால் ஒரு சத்தம், பொத்தான் என்றால் ஒரு சத்தம் என்று பிரித்துச் சொல்வாள். ஒருமுறை ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தி, விரிப்புகளுக்குள் கையை விட்டு, ஒரு டாக்டரின் மூக்குக் கண்ணாடியை உடையாமல் வெளியே எடுத்தாள்.

போன வருஷம் சலவைப் பிரிவைப் புதுக் கட்டடத்தின் முதல் மாடிக்கு மாற்றினார்கள். தரையோடு தரையாகக் கான்கிரீட்டில் முடுக்கியிருந்த பழைய பிழி இயந்திரம் போய், புதிது ஒன்று வந்தது. கைத் தடிமனுள்ள நான்கு ஸ்பிரிங்குகளின்மேல் உட்கார்ந்திருந்தது அது. வேகத்தைக் கூட்டிக் குறைக்க, பூஜ்யத்திலிருந்து நூறுவரை எண் போட்ட ஒரு திருகு. அதை விற்ற நிறுவனத்தின் ஆள் வந்து எல்லார் முன்னாலும் ஓட்டிக் காட்டினார். பம்பரம் போலச் சுற்றியது.

அவர் படி இறங்கிய மறுநாள் அது தன் குணத்தைக் காட்டியது. திருகு நாற்பதை நெருங்கியதும் இயந்திரம் நடுங்கத் தொடங்கும். அதோடு தரை நடுங்கும், ஜன்னல் கண்ணாடிகள் கடகடக்கும், அலமாரியில் சோப்பு டப்பாக்கள் ஒவ்வொன்றாக விளிம்பை நோக்கி நடந்து வரும். ஒரே வாரத்தில் அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கிட்டே போனாலே முறுக்கு.

கீழே ஆவண அறை. அங்கிருந்து ஒரு அம்மா டீ கிளாஸைக் கையில் ஏந்திக்கொண்டு மேலே வந்தார். "யாருங்க இங்க பொறுப்பு? பாருங்க, டீல சர்க்கரை போட்டேன், சுண்ணாம்பு நீங்க போட்டீங்க."

சித்தி பல வருஷக் கைப்பழக்கம் சொன்னதைச் செய்தாள். பழைய இயந்திரத்தில் ஒரே ஒரு சட்டம்தான்: நடுங்கினால் வேகத்தைக் குறை. அதன்படி குறைத்தாள், காத்திருந்தாள், தூங்கும் குழந்தையின் கையிலிருந்து பொம்மையை எடுப்பதுபோல மெல்ல மெல்லக் கூட்டினாள். நாற்பது வந்ததும் மறுபடி நடுக்கம், மறுபடி குறைத்தாள். எவ்வளவு நயமாக நடந்துகொண்டாளோ, அவ்வளவு நேரம் மாப்பிள்ளை ஆடினார். கடைசியில் முப்பதைத் தாண்டாமலே ஓட்டினார்கள். விரிப்புகள் சொட்டச் சொட்ட வந்தன. உலர்த்த இரண்டு மடங்கு நேரமானது. வார்டுகளிலிருந்து மாற்று விரிப்பு எங்கே என்று ஃபோன்மேல் ஃபோன்.

மேலாளர் நிறுவனத்துக்கு எழுதினார். இயந்திரத்தில் குறையில்லை, அளவுக்கு மீறித் துணி திணிக்கிறார்கள் என்று பதில் வந்தது. அந்தக் கடிதத்தோடு திங்கட்கிழமை காலை அவர் சலவைப் பிரிவுக்கு வந்தார்.

"வெள்ளிக்கிழமை அவங்க ஆள் வர்றார். அவர் முன்னாடியும் இப்படியே ஆடுச்சுன்னா, நீங்க மடிப்பு மேசைக்குப் போயிடுங்கம்மா. மெஷினை வேற ஆள் பாத்துக்கட்டும்."

"சார், நான் ஒரு கிலோகூட அதிகமாப் போடல."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

"இங்க ஆடறது நான் இல்ல சார், மெஷின்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. மறுபடி மடிப்பு மேசை என்றால், தொட்டிக்குள் என்ன சத்தம் என்று கேட்க வேண்டிய அவசியமே இனி அவளுக்கு இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றும்போது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சித்தப்பா பயந்துபோய்க் காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை ஒரு வாளியால் எல்லாம் மாறியது.

குழாயடியிலிருந்து துவைக்கும் இயந்திரம்வரை சோப்புத் தண்ணீரை வாளியில் தூக்கிப் போக வேண்டும். முப்பது அடி தூரம். தினமும் கால்வாசி தரையில்தான். "அக்கா, துணியத் துவைக்கச் சொன்னா தரையத் துவைக்கறீங்களே!" என்று மைக்செட் கத்துவாள். மைக்செட் என்பது மடிப்பு மேசைப் பெண்ணின் பட்டப்பெயர். அவள் பேசினால் வேறு ஒலிபெருக்கி வேண்டாம்.

அன்று பாதி வழியில் ஃபோன் அடித்தது. மேலாளராக இருக்குமோ என்ற பதற்றத்தில் சித்தி குட்டிக் குட்டி அடியாக வைத்து விறுவிறுவென்று நடந்தாள். ஃபோனை எடுத்துப் பேசி வைத்த பிறகுதான் கவனித்தாள். தரை காய்ந்திருந்தது. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

திரும்பப் போய் வாளியை நிரப்பினாள். இந்த முறை ஆமை நடை. சிந்தவில்லை. அடுத்தது எப்போதும் நடக்கும் நடை. நாலாவது அடியிலேயே தண்ணீர் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் ஏறி இறங்கி, ஏழாவது அடியில் அவள் புடவையை நனைத்தது. மறுபடி விறுவிறு நடை. தண்ணீரின் மேற்பரப்பு சிலிர்த்தது, அவ்வளவுதான். சிந்தவில்லை!

"அக்கா, உங்களுக்கு என்னாச்சு? வாளிய எதுக்கு ஊர்வலம் விடறீங்க?"

"இங்க வாடி! நிதானமா போனாலும் சிந்தல, ஓடினாலும் சிந்தல. நடுவுல ஒரு நடை இருக்கு பாரு, அதுலதான் சிந்துது!"

மைக்செட்டையும் நடக்க வைத்தாள். அவளுக்கும் அப்படியே.

வாளித் தண்ணீருக்கென்று ஒரு தாளம் உண்டு. ஒரு பக்கம் ஏறி இறங்கி மறுபக்கம் ஏற அது எடுத்துக்கொள்ளும் நேரம் அது. நம் அடிகள் அந்தத் தாளத்திலேயே விழுந்தால், ஒவ்வொரு அடியும் முந்தைய அடிக்குத் துணை சேர்கிறது. ஊஞ்சல் திரும்பும் சமயம் பார்த்துத் தள்ளுவதைப் போல. சின்னத் தள்ளல்தான், ஆனால் சேர்ந்துகொண்டே போகிறது. அடிகள் அதைவிட வேகமாக விழுந்தால், தண்ணீர் இந்தப் பக்கம் ஏறுவதற்குள் அடுத்த அடி அதை அந்தப் பக்கம் இழுத்துவிடுகிறது. எந்தத் தள்ளலும் சேர்வதில்லை. பாடப்புத்தகம் இதை ஒத்ததிர்வு என்று சொல்கிறது. சித்தி அதற்கு அன்று வைத்த பெயர் 'சிந்தற நடை'.

சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பாதிக் கதையைச் சொல்லி முடித்திருந்தாள். சித்தப்பா பேருந்து ஓட்டுநர். தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இதுல என்ன அதிசயம்? என் வண்டியே அப்படித்தான். நாப்பதுல போனா கண்ணாடி எல்லாம் கடகடன்னு அடிச்சுக்கும். அம்பதுக்குப் போனா கப்சிப்."

"நாப்பதுல அடிச்சா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது? ஒரு மிதி. தாண்டிடணும். அங்கயே உருட்டிக்கிட்டு இருந்தா போல்ட்டு கழண்டு கையில வந்துடும்."

சித்தி எழுந்து நின்றுவிட்டாள். "இத்தனை வருஷமா இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"வண்டி குலுங்குதுன்னு தினம் சொல்றேன். நீதான் முதுகுக்குத் தைலம் தடவிட்டுப் போயிடற."

புதன்கிழமை மதியம் பாதி அளவு துணியோடு சோதனை தொடங்கியது. கனம் ஒரே பக்கம் சேராதபடி, எதிரெதிராகப் பார்த்துப் பார்த்து விரிப்புகளை அடுக்கினாள். ஜன்னல் மேடையில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தாள். திருகைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டாள். இருபதில் டம்ளர்த் தண்ணீர் அசையவில்லை. முப்பதில் நடுவிலிருந்து வட்டம் வட்டமாக அலை. முப்பத்தெட்டில் தண்ணீர் துள்ளி மேடையில் விழுந்தது. தாண்ட வேண்டிய இடம் இதுதான்.

ஆனால் கை தாண்டவில்லை. நடுக்கம் உள்ளங்கையில் ஏறியதும் விரல்கள் தாமாகவே திருகைப் பின்னால் திருப்பிவிட்டன. மூன்று முறை முயன்றாள். மூன்று முறையும் அப்படியே.

"புத்தி போகச் சொல்லுது, கை மாட்டேங்குதுடி."

"அக்கா, நான் வேணா கண்ண மூடிக்கறேன்" என்றாள் மைக்செட்.

"நீ மூடி என்னடி ஆகப் போகுது?"

"வெடிச்சா நானாவது பார்க்காம இருப்பேன்ல."

வியாழக்கிழமை சித்தி வலது கையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். பழக்கமெல்லாம் அந்தக் கைக்குத்தான். பழகாத இடது கையால் திருகைப் பிடித்தாள். இருபது. முப்பது. கண்ணாடிகள் முணுமுணுத்தன. முப்பத்தைந்தில் தரை உறுமியது. முப்பத்தெட்டு வந்ததும் நிற்காமல் ஒரே வீச்சில் அறுபதுக்குத் திருப்பினாள். ஒரு கணம் எல்லாம் கூடிச் சேர்ந்து குலுங்கியது. ஒரு சோப்பு டப்பா விழுந்தது.

பிறகு சட்டென்று எல்லாம் அடங்கியது. தரை ஓய்ந்தது. கண்ணாடிகள் வாயை மூடிக்கொண்டன. தொட்டியிலிருந்து வண்டின் ரீங்காரம் போல ஒரே சீரான ஒலி மட்டும்.

"நின்னு போச்சா அக்கா?" மைக்செட் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை.

"நிக்கலடி! பறக்குது! வந்து டம்ளரப் பாரு!"

டம்ளரில் மிச்சமிருந்த தண்ணீர் கண்ணாடித் தகடு போலக் கிடந்தது. இருவரும் கைகோத்துக்கொண்டு குதித்த குதிப்பில் அந்தத் தண்ணீர்தான் மறுபடி ஆடியது. முழு அளவு துணியோடு ஓட்டினார்கள். எண்பதுவரை போனார்கள். வந்த விரிப்புகளை முறுக்கினால் ஒரு சொட்டு இல்லை. அன்று மேலாளர் வெளியே போயிருந்தார். சொல்ல ஆள் இல்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு நிறுவனத்தின் ஆளும் மேலாளரும் வந்தார்கள். மேலாளரே துணியை எடை போட வைத்து, தொட்டியில் அடுக்குவதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். சித்தி விஷயத்தை மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, திருகில் கை வைக்கப் போனாள்.

"இருங்கம்மா. நானே ஓட்டறேன். உங்க கை வித்தை எதுவும் இல்லாம பார்க்கணும்."

திருகு மேலாளர் கைக்குப் போனது. இருபது. முப்பது. நடுங்கத் தொடங்கியதும் அவர் முகம் மாறியது. முப்பத்தெட்டு. தரை உறுமியது, கண்ணாடிகள் அலறின, அவர் சட்டைப் பையிலிருந்த பேனா துள்ளியது. அவர் விரல்கள் பின்னால் திருப்பத் தொடங்கின. சித்தியின் விரல்களைப் போலவே.

"குறைக்காதீங்க சார்!" பதினெட்டு வருஷத்தில் ஒரு மேலாளருக்குச் சித்தி உத்தரவு போட்டது அதுதான் முதல் முறை. "நடுங்கற இடத்துல நிக்கக் கூடாது! போங்க! போங்க!"

"உடைஞ்சிடும்மா!"

"நின்னாத்தான் உடையும்! திருப்புங்க சார்!"

மைக்செட்டும் சேர்ந்து கத்தினாள். மேலாளர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே திருப்பாகத் திருப்பினார்.

குலுங்கியது. அடங்கியது. ரீங்காரம்.

அவர் மெல்லக் கண்ணைத் திறந்து திருகைப் பார்த்தார். எழுபது. குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

நிறுவனத்தின் ஆள் தலையைச் சொறிந்தார். "பழசு தரையில இறுக்கமா முடுக்கினது சார். அதோட தாளம் ரொம்ப உசரத்துல இருக்கும், வேகம் அங்க போய்ச் சேரவே சேராது. அதுல நடுங்கினா குறைக்கறதுதான் சரி. இது ஸ்பிரிங்ல நிக்குது, தாளம் பாதி வழியிலயே வந்துடும். துணிய இவங்கள மாதிரி சமமா அடுக்கிட்டு வேகமாத் தாண்டிடணும். நான் எப்பவும் சர்ருனு திருப்பிடுவேன், கைப் பழக்கம். அதச் சொல்லணும்னே தோணல." பிறகு சித்தி பக்கம் திரும்பி, "எங்க கடிதத்துக்கு மன்னிச்சுக்குங்கம்மா" என்றார்.

"அத எழுத்துல குடுங்க" என்றாள் சித்தி. "அவர் எழுத்துல இருந்தாத்தான் நம்புவார்."

மேலாளர் அதைக் காதில் வாங்கவில்லை. திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, தொட்டி நின்றதும், "இன்னொரு தடவை பாக்கலாமா?" என்றார். தாண்டினார். சிரித்தார். மூன்றாம் தடவைக்குக் கண்ணைத் திறந்துகொண்டே தாண்டினார். வார்டு ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. நாலாவது தடவைக்கு அவர் கை நீண்டபோது சித்தி இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சார், மூணாவது வார்டுக்கு விரிப்பு போகணும். இது என் இடம். நகருங்க."

அவர் நகர்ந்தார்.