உயிரோடு இருப்பவர் பெயரைப் பாடாத தசரதன்

இன்று மதியம் மண்ணூர்பேட்டை டீக்கடையில் யாரைப் பார்த்தேன் தெரியுமா? கானா பாடகர் தசரதனை. போன சனிக்கிழமை நடந்ததை அவர் சொல்லச் சொல்ல என் டீ ஆடை கட்டிப்போனது. மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தசரதன் பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக் கம்பெனி ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். மீசை அரும்பிய வயதிலிருந்தே சாவு வீடுகளில் கானா பாடுகிறார். அம்பத்தூர், பாடி, கொரட்டூர் என்று எந்தத் தெருவில் ஷாமியானா ஏறினாலும் அவருக்குத்தான் போன் வரும். அதனால் அவருடைய போன் அடித்தால் மனைவி நாகவல்லி "யாரு பேசுறது?" என்று கேட்பதில்லை. "யாரு பூட்டாங்க?" என்றுதான் கேட்பார். யாரும் சாகாத ஓர் இடத்துக்குத் தன்னைப் பாடக் கூப்பிட மாட்டார்களா என்பது தசரதனின் நெடுநாள் ஏக்கம்.

கடைசியில் அப்படிக் கூப்பிட்டவன் ஜஸ்டின். அதே தெருக்காரன். வானகரத்தில் பைபாஸை ஒட்டிய ஒரு ஹோட்டலின் மொட்டை மாடி கிளப்பில் கீபோர்டு வாசிக்கிறான். அங்கே பாப் பாட்டு பாடிக்கொண்டிருந்த பெண் பெங்களூருக்குப் போய்விட்டாள். மேனேஜர் ஜானகிராமன் புதுசாக ஏதாவது வேண்டும் என்றார். ஜஸ்டின் தசரதனைச் சொன்னான். ஒரே ஒரு சனிக்கிழமை பாடிக் காட்ட வேண்டும். பிடித்துவிட்டால் எல்லாச் சனிக்கிழமையும் மேடை அவருக்கு. பிடிக்காவிட்டால் அன்றோடு சரி.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் தசரதன் மேடை ஏறினார். ஊதா விளக்கு முகத்தில் அடித்தது. ஆளுயர ஸ்பீக்கர்கள் இரண்டு பக்கமும் அதிர்ந்தன.

"இன்னா மச்சான், நெஞ்சுல எவனோ குத்திகினே கீற மாதிரி கீது."

"அது ஸ்பீக்கரு பேஸு மாமே. பயம் இல்ல," என்றான் ஜஸ்டின்.

"எனுக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கீது."

முதல் பாட்டுக்கு மேசைகளில் இருந்தவர்கள் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார்கள், திரும்பவும் குனிந்துகொண்டார்கள். இரண்டாவது பாட்டுக்கு ஓரமாக இருந்த ஒரு மேசை மட்டும் கை தட்டியது. பார் கவுண்டரில் கை கட்டி நின்ற ஜானகிராமனின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மேடையோரம் வந்தார்.

"தசரதன், நடு டேபிள்ல கிஷோர்னு ஒருத்தருக்குப் பர்த்டே. அவர் பேரைப் போட்டு ஒரு பாட்டு விடுங்க. எந்தப் பேரு குடுத்தாலும் அந்த நிமிஷமே பாட்டுல கோத்துடுவீங்கன்னு ஜஸ்டின் சொன்னான். அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டதே. இதுல பாத்துட்டுத்தான் நான் முடிவு பண்ணப் போறேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாவு கானாவில் மூன்றாவது வரி வரை ஊர் உலகத்தைப் பாடலாம். மூன்றாவது வரியின் முடிவில் செத்தவரின் பெயர் விழ வேண்டும். பெயர் விழுந்த நொடியில் ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் வெடித்து அழுவார்கள். இத்தனை வருடத்தில் தசரதன் பாட்டில் வைத்த ஒவ்வொரு பெயரும் அந்தப் பெட்டிக்குள் படுத்திருந்த ஒருவருடையதுதான். உயிரோடு இருப்பவர் பெயரை அவர் ஒரு தடவைகூட வைத்ததில்லை. நண்பனின் ரிசப்ஷனில் மாப்பிள்ளை பெயரை வைத்துப் பாடச் சொன்னபோது தொண்டை கட்டியிருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்தவர்.

"ஏண்டா அத்தப் போயி சொன்னே?" என்று ஜஸ்டினிடம் கிசுகிசுத்தார்.

"இன்னா தப்பு? எங்க பெரீப்பாவுக்குப் பாடுனியே, அமல்ராஜ் அண்ணாத்தேன்னு. தெருவே அழுதுச்சு. அதான் சொன்னேன்."

"அவுரு செத்துட்டாருடா."

ஜஸ்டினுக்கு அப்போதுதான் உறைத்தது. கீபோர்டிலிருந்து கையை எடுத்தான்.

"சரி, உசுரோட கீறவன் பேர பாடினா இன்னா ஆவும்?"

"தெரீல. பாடினதில்ல."

"சும்மா மனசுல எத்தயாவது வெச்சிகினு பேசாத மாமே. எல்லாம் மூட நம்பிக்கை."

"அப்ப முதல்ல உன் பேர போட்டுப் பாடவா?"

ஜஸ்டின் குனிந்து ஏதோ ஒரு பட்டனை அமுக்கினான்.

நடு மேசையில் "பாட்டு, பாட்டு" என்று தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஐ.டி. வேலைக்கு வந்த பிள்ளைகள், எல்லோர் கையிலும் போன், எல்லாப் போனும் மேடையைப் பார்த்து. நடுவில் கிஷோர், கன்னத்தில் கேக் கிரீமோடு சிரித்துக்கொண்டிருந்தான். இந்த வயதுப் பையன்களுக்கு தசரதன் பாடியிருக்கிறார். பைபாஸில் பைக்கோடு அடிபட்டுப் போனவர்கள். கண்ணை மூடினால் அந்தப் பெட்டிகளும், திறந்தால் இந்தச் சிரிப்பும். தொண்டை கட்டிவிட்டது என்று இப்போதும் சொல்லலாம். சொன்னால் மேடை போய்விடும், நாளைக்குப் போன் அடித்தால் அது எந்தச் சாவு வீடு என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். கவுண்டரிலிருந்து ஜானகிராமன் விரலைச் சுழற்றினார். ஆரம்பி.

ஜஸ்டினின் கீபோர்டில் டோலக் தாளம் ஆரம்பித்தது.

"பைபாஸு மேல லாரி நிக்குது,
பாத்துகினு அந்த நெலாவும் நிக்குது,
மாடிய ஆட்ற மாப்ள யாரு..."

பெயர் விழ வேண்டிய இடம். வாய் திறந்தது. 'கி' என்ற எழுத்து நாக்கின் அடியில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. வேறு ஏதோ வெளியே வந்தது.

"அவன் பேரு இன்னா?"

பாடிய கையோடு மைக்கை நடு மேசைப் பக்கம் நீட்டிவிட்டார்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. டோலக் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேரை மறந்துட்டாருடா," என்று யாரோ சொல்ல, பக்கத்து மேசை சிரித்தது. ஜானகிராமன் கவுண்டரை விட்டு மேடையை நோக்கி நடக்க ஆரம்பித்தார். தசரதனுக்குப் பின்னால் ஜஸ்டின், "வுடாதே மாமே, இன்னொரு வாட்டி," என்றான்.

"கேக்க வெட்ற கையி யாரு கையி?
கேக்குறனே, அவன் பேரு இன்னா?"

மறுபடி மைக்கை நீட்டினார். ஜானகிராமன் பாதி தூரம் வந்துவிட்டார். அப்போது கிஷோரின் பக்கத்தில் இருந்த நிவேதிதா என்ற பெண் செருப்பைக் கழற்றிவிட்டு நாற்காலி மேல் ஏறி, "கிஷோரு" என்று கத்தினாள். ஒற்றைக் குரல். ஆனால் தாளத்தில் சரியாக வந்து விழுந்தது.

அவ்வளவுதான், தசரதன் பிடித்துக்கொண்டார். "பேரு இன்னா?" "கிஷோரு." "கேக்கலியே, இன்னா?" "கிஷோரு." மேசை கத்தியது, பக்கத்து மேசை கத்தியது, தட்டு ஏந்தி வந்த சர்வர் நின்று கத்தினார். போனை எல்லாம் பையில் போட்டுவிட்டு ஆட வந்துவிட்டார்கள். ஜானகிராமன் நின்ற இடத்திலேயே நின்றார். மாடி முழுக்க அந்தப் பெயர் அதிர்ந்தது. தசரதன் மட்டும் அதைச் சொல்லவே இல்லை.

பாட்டு முடிந்ததும் கிஷோர் மூச்சிரைக்க வந்தான். மதுரைப் பையன்.

"அண்ணே, செம. ஆனா நீங்க ஒரு தடவகூட எம் பேரச் சொல்லலயே. ஏண்ணே?"

தசரதனுக்குப் பொய் வரவில்லை. உள்ளதைச் சொன்னார். கிஷோர் கன்னத்துக் கிரீமை மெதுவாகத் துடைத்தான்.

"அப்ப இனிமேலும் சொல்லாதீங்கண்ணே." அப்புறம் யோசித்து, "வீடியோல டேக் பண்ணலாம்ல? அதுல ஒண்ணும் ஆகாதுல்ல?"

"அத்தப் பத்தி எங்க ஆளுங்க இன்னும் சட்டம் போடல நைனா."

ஜானகிராமன் அவர்களை விலக்கிக்கொண்டு வந்தார். "அந்த மைக்கை நீட்டுறது, முன்னாடியே பேசி வெச்சதா?"

தசரதன் ஜஸ்டினைப் பார்த்தார். "ரிகர்சல் பண்ணோம் சார்," என்றான் ஜஸ்டின், கண் சிமிட்டாமல்.

"அடுத்த சனிக்கிழமையும் அதே வேணும். எல்லாச் சனிக்கிழமையும்."

இதைக் கேட்டபோது டீக்கடை என்றும் பார்க்காமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது. வானகரம் பக்கம் இருப்பவர்கள் வரும் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு தடவை போய்க் கேளுங்கள். பிறந்தநாள்காரர் யாராவது இருந்தால் கையோடு கூட்டிப்போங்கள். பெயரைச் சொல்லச் சொல்லித் தசரதனை மட்டும் நெருக்காதீர்கள். மைக் உங்கள் பக்கம் திரும்பும்போது கூச்சப்படாமல் நீங்களே சொல்லிவிடுங்கள். போக முடியாதவர்கள், ஆட்டம் பாட்டம் பிடித்த இரண்டு பேருக்காவது இதை அனுப்பிவையுங்கள்.