கேளாமல் நீட்டிய பெர்மெஸ்ஸோ

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோத் துறைமுகத்தில் கப்பல் அறைகளைத் துப்புரவாக்கப் போய்க்கொண்டிருந்தேன். விடியற்காலையில் நாப்போலியிலிருந்து வரும் பயணிகள் கப்பல் இரவு திரும்பிப் போகுமுன் கட்டில்கள் எல்லாம் புதிதாய் விரித்திருக்க வேண்டும். இருவர் இருவராய் வேலை. விரிப்பின் ஒரு பக்கம் நான், மறுபக்கம் கபோச் சந்தைப் பக்கத்துச் சிசிலிக்காரி ஒருத்தி. என் வயதுதான். அவளுக்கு வாய் நீளம், எனக்கும் குறைவில்லை. அதனாலேயே ஒத்துப்போனது.

தொண்ணூறுகளின் நடுவில், துப்புரவை எடுத்து நடத்திய கம்பனி பாதிப்பேரை நிறுத்தப்போவதாகச் சொன்னது. சிசிலிக்காரர் வேலைநிறுத்தம் என்று துறைமுக வாசலில் குந்திவிட்டார்கள். தமிழர் நாங்கள் ஆறேழு பேரும் வேலைக்குப் போகவில்லை. ஆனால் குந்தவும் இல்லை. மதிலோரம் ஒதுங்கி நின்றோம். எனக்குப் பயமெல்லாம் பெர்மெஸ்ஸோவைப் பற்றித்தான். அந்த வதிவிட அனுமதியை வைத்துத்தான் மன்னாரில் அக்காவிடம் விட்டிருந்த மகளைக் கூப்பிட விண்ணப்பிக்க இருந்தேன். பதினெட்டு வயதாகிவிட்டால் பிள்ளையென்று எடுக்க முடியாது. அவளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது.

பொலிஸ் வந்து இறங்கியது. தலைக்கவசம், கேடயம், தடி. சிசிலிக்காரர் கத்தத் தொடங்கினார்கள். எங்களுக்கோ ஊர்ப் பழக்கம். ஆமியின் சுற்றிவளைப்பென்றால் ஓடுகிறவனுக்குத்தான் முதலில் வெடி விழும். எங்களோடு வேலைசெய்த யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் மெல்லிய குரலில் சொன்னார்:

“ஒருத்தரும் ஓடாதேங்கோ. பெர்மெஸ்ஸோவை எடுத்துக் கையிலை பிடியுங்கோ. லைனிலை நில்லுங்கோ.”

நின்றோம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒருவர் பின் ஒருவராக, கடதாசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு. ஒருத்தனும் கேட்கவில்லை. கண்டறியாத ஒழுக்கம்.

பொலிஸ் அதிகாரி எங்களைப் பார்த்தான். கம்பனி மேற்பார்வையாளனோடு ஏதோ கதைத்தான். நாங்கள் வேலைக்குப் போக விரும்பி நிற்கிறோம் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள். அதிகாரி கடதாசிகளை வாங்கித் தன் பைக்குள் வைத்தான். கேடயக்காரர் குந்தியிருந்தவர்களைக் காலால் ஒதுக்கி எங்களுக்கு வழி எடுத்தார்கள். சோதிக்கத்தான் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து நடந்தோம். கப்பல் படியில் கால் வைத்த பிறகுதான் பின்னால் கேட்ட வசைகளின் பொருள் புரிந்தது. வேலைநிறுத்தத்தை உடைக்கப் போகிறவர்கள் நாங்கள். என் சிசிலிக்காரி மட்டும் கத்தவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்குச் சுட்டது.

மேலே மேற்பார்வையாளன் பல்லைக் காட்டிக்கொண்டு வாளியை நீட்டினான். எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. எங்களோடு மேலே வந்திருந்த அதிகாரியிடம் போய்ப் பெர்மெஸ்ஸோவைக் கேட்டேன்.

“வேலை முடியத் தருவேன், சிஞ்ஞோரா” என்றான், மரியாதையாகத்தான்.

“இப்போதே வேண்டும்.”

“வேலை முடிய.”

அண்ணர் என்னைப் பக்கத்தில் இழுத்தார். “விசர் வேலை பாக்காதை பிள்ளை. பின்னேரம் வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு.”

“ஒருத்தரும் கேக்காமல் நீட்டினது நாங்கள்தானே அண்ணை. இனி அவன் ஆட்டுறதுக்கெல்லாம் ஆடவேணுமோ?”

வாளியை வைத்துவிட்டு இறங்கினேன். இந்தமுறை கேடயக்காரர் வழிவிடவில்லை. இடித்துக்கொண்டுதான் வெளியே வந்தேன். சிசிலிக்காரிக்குப் பக்கத்தில் போய்க் குந்தினேன். உன் கடதாசி எங்கே என்று கேட்டாள். கப்பலைக் காட்டினேன். “மடைச்சி” என்று ஏசிவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் தடி இறங்கியது. நிலத்தில் இருக்கிறவர்களை அடிக்க என்ன தேவை வந்ததென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அவளுக்குத் தோளில் விழுந்தது, எனக்கு முழங்கையில். அவளைத் தலைமயிரில் பிடித்து இழுத்தவன் நேற்றுத்தான் மீசை முளைத்தவன். திட்டக்கூட எனக்கு இத்தாலிய மொழி போதவில்லை. தமிழில் திட்டினேன். நன்றாகவே திட்டினேன்.

பின்னேரம் அண்ணருக்கும் மற்றவர்களுக்கும் கடதாசி திரும்பக் கிடைத்தது. என்னுடையது கிடைக்கவில்லை. கேட்ட இடமெல்லாம், அப்படியொன்றை எவரும் வாங்கவில்லை என்றார்கள். தொலைந்துபோனதென்று எழுதிக்கொடுத்துப் புதிதாய் எடுக்க ஒரு வருடத்துக்கு மேல் இழுபட்டது. வேலைநிறுத்தம் வென்றது. கம்பனி ஒருத்தரையும் நிறுத்தவில்லை, வாளி தூக்கிய அண்ணரையும்தான். நானும் சிசிலிக்காரியும் பழையபடி கட்டில் விரித்தோம்.

புதுப் பெர்மெஸ்ஸோ கைக்கு வந்தபோது மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. பல்லரோச் சந்தையில் இருந்த தொலைபேசிக் கடையிலிருந்து அவளுக்கு அதைச் சொன்னேன். நடந்ததெல்லாவற்றையும் சொன்னேன்.

“மற்ற ஆக்கள் வேலை செய்துபோட்டுத் திருப்பி வாங்கினவை தானே அம்மா?”

“ஓம்.”

“அப்ப உங்களுக்கு என்ரை நினைவு வரேல்லையோ?”

வரவில்லை என்றிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோபத்தில் மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பொய்க்கு வாய் வரவில்லை.

“வந்தது பிள்ளை. வந்தும்தான் இறங்கினனான்.”

அவள் ரிசீவரை வைத்துவிட்டாள்.