கோபாலபுரத்தில் இறங்கிய ஏஞ்சல் மீன்கள்

ஒரு பஸ் முழுக்க ஆட்கள் சேர்ந்து உங்களைத் திட்டியிருக்கிறார்களா?

என்னைத் திட்டினார்கள். போன வாரம், சனிக்கிழமை மத்தியானம், கேரள எல்லையில், கோபாலபுரம் செக்போஸ்ட்டில். நியாயமாகத்தான் திட்டினார்கள். அதுதான் கஷ்டம். அநியாயமாகத் திட்டினால் பதில் சொல்லலாம், மேல்முறையீடு செய்யலாம்... நியாயமாகத் திட்டுகிறவர்களை என்ன செய்வது? தலையைக் குனிந்துகொள்ள வேண்டியதுதான். நான் அதையும் செய்யவில்லை.

புதிதாக இந்தப் பக்கத்துக்கு வந்தவர்களுக்கு ஒரு விவரம். எனக்கு மீன் வளர்க்கிற பழக்கம் உண்டு. கண்ணாடித் தொட்டியில் – அழகுக்கு. நீங்கள் சிரிப்பது தெரிகிறது. ரிட்டயர் ஆனவன் கோயிலுக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ரேஷன் க்யூவில் நின்று அரசாங்கத்தைத் திட்ட வேண்டும். தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு மணிக்கணக்காக உட்காருவதை யார் ஒப்புக்கொள்வார்கள்?

சர்வீஸ் முழுக்க வரி இலாகாவில் இருந்தேன். பெரிய ஊர்களில்தான் வேலை. அங்கே என் மாதிரி நாலு பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீட்டில் கூடுவோம். உன் கப்பி குஞ்சு போட்டதா, என் பிளாக் மோலிக்கு வெள்ளைப் புள்ளி வந்துவிட்டதே என்று பொழுது போகும். ரிட்டயர் ஆனதும் என் மனைவியின் ஊருக்கு வந்தோம். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி உள்ளே போக வேண்டும். தென்னை உண்டு, நிலக்கடலை உண்டு, பால் சொசைட்டி உண்டு. ஏஞ்சல் மீனின் முட்டையில் பூஞ்சை பிடித்தால் புலம்புவதற்கு ஒரு ஆள் கிடையாது.

விடுவேனா? பால் சொசைட்டிச் சுவரில் ஒரு அறிவிப்பு ஒட்டினேன். 'மீன் வளர்ப்பில் ஆர்வமுள்ளோர் கீழே கையொப்பமிட்டுள்ளவரை நேரில் அணுகவும்.' வாசகத்தில் குறை சொல்ல முடியாது. மறுநாள் விடிந்ததும் வாசலில் ஐந்தாறு பேர். கையில் பை.

"கிலோ எப்படிங்க?" என்றார் முன்னால் நின்ற கவுண்டர்.

"விக்கறதுக்கு இல்லீங்க. பார்க்கறதுக்கு."

"செரி. பாத்துப்போட்டு அப்பறம் என்னங்க பண்ணுவீங்க?"

"மறுபடியும் பார்ப்பேன்."

அவர் என்னை விட்டுவிட்டு, உள்ளே நின்ற என் மனைவியைப் பரிதாபமாகப் பார்த்தார். பையை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

மீனாட்சிபுரத்தில் ஒருவர் மீன் வளர்க்கிறார் என்று கேள்விப்பட்டு அங்கேயும் போனேன். அவர் அன்போடு என்னைத் தோட்டத்துக் கிணற்றுக்குக் கூட்டிப்போனார். "அதா பாருங்க, அந்தக் கல்லுக்கடியில. நல்லாப் பெருத்துப்போச்சு. மாப்பிள்ளை வந்தா புடிச்சர்லாம்" என்றார். குழம்புக்குப் புளி எவ்வளவு என்பதையும் விளக்கினார்.

மூன்று வருஷமாக எல்லோரும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "திங்கற மீனுங்களா?" நான் காத்திருந்தது வேறு கேள்விக்கு. இரண்டே வார்த்தை – "என்ன மீன்?" அப்படிக் கேட்பவன் எவனோ அவன் என் ஆள். அவனுக்கு என் வீட்டில் காபி உண்டு, பலகாரம் உண்டு, கப்பிக் குஞ்சு இலவசம்.

"ஆள் வந்தா மட்டும் நீங்க பேசவாங்க போறீங்க?" என்பாள் என் மனைவி. "கேள்விதான கேப்பீங்க."

சரி, சனிக்கிழமைக்கு வருகிறேன்.

கோயமுத்தூர் கடையில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் வாங்கினேன். கடைக்காரர் பல மாதம் கவனித்துச் சேர்த்த ஜோடி. ஒன்று போகிற இடத்துக்கு மற்றது போகும். எது ஆண், எது பெண் என்று பார்த்துச் சொல்வது லேசில்லை. அதுகளுக்குத் தெரிந்தால் போதும். அலுமினியத் தூக்குவாளியில் விட்டு, ஈரத்துணி சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பொள்ளாச்சி வரை மூடியைத் திறந்துதான் வைத்திருந்தேன். அதற்கப்புறம் பக்கத்து சீட்டுக்காரர் வேட்டி நனைகிறது என்றார். மூடினேன்.

கோபாலபுரத்தில் பஸ் நின்றது. அரிசி, சாராயம் என்று எதையாவது ஒளித்துக் கடத்துகிற காலம். காக்கிச் சட்டை போட்ட ஒரு காவலாள் ஏறினார். சீட்டுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டே வந்தவர் என்னிடம் நின்றார்.

"தூக்குல என்னய்யா?"

"மீன்."

"உசுரோடயா?"

"ஆமாம்."

அவர் முகம் மலர்ந்தது. "என்ன மீன்?"

கவனித்தீர்களா? நான் கவனிக்கவில்லை. காக்கிச் சட்டையைத்தான் கவனித்தேன்.

"லேசாத் தொறங்கய்யா, ஒருக்கா பாத்துக்கிடுதேன்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். வேலையில் இருந்தபோது எத்தனை பேரிடம் பார்த்திருக்கிறேன்! அதற்கு ஒரு ரேட் உண்டு.

"எந்த விதியின் கீழ் பார்க்க வேண்டும்?" என்றேன்.

"விதியா?"

"பரிசோதனை செய்கிற அதிகாரம் உங்களுக்கா, ஆபீசருக்கா?"

"ஆபீசருக்குத்தான்யா. அவரு ஊணு கழிக்க, சாப்பாட்டுக்குப் போயிருக்காரு."

"வரட்டும். அவர் முன்னால் திறக்கிறேன். இரண்டு சாட்சி வேண்டும். கண்டதை மகஜராக எழுத வேண்டும். ஒரு நகல் எனக்கு."

அவர் பயந்துபோனார். "வேண்டாம்யா, தெரியாமக் கேட்டுட்டேன். நீங்க போங்க. ரைட் ரைட்!"

இத்தோடு விட்டிருக்கலாம். யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். ஆனால் நான் விதி தெரிந்தவன் ஆயிற்றே! "சந்தேகப்பட்டு நிறுத்திவிட்டு, இப்போது போகச் சொன்னால் எப்படி? சந்தேகம் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்" என்றபடி தூக்குவாளியோடு கீழே இறங்கிவிட்டேன்.

"ஏனுங்க சார், அவருதான் போகச் சொல்லீட்டாருல்லீங்க! ஏறுங்க" என்றார் கண்டக்டர்.

"இது கொள்கைப் பிரச்சினை."

"அதைய ஊட்டுல போயி வெச்சுக்கங்க. வண்டில கொழந்தைங்கெல்லாம் வெயில்ல வேகுது."

ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள் தலையை நீட்டினாள். "அவருக்கென்ன, பென்சன் ஊடு தேடி வருது. எங்கூட்டு மாடு மடி கனத்துக் கத்தீட்டு நிக்கும். அதுக்கு அவரு பதில் சொல்லுவாரா?"

"மீனுக்கு வக்காலத்து வாங்கறாரு, மாட்டுக்கு வாங்க மாட்டாராக்கும்!" என்றது பின் சீட்டுக் குரல். பஸ் முழுக்கச் சிரிப்பு. அப்புறம் வசவு. அப்புறம் விசில். பஸ் போய்விட்டது.

நானும் காவலாளும் தூக்குவாளியும் மட்டும் மிஞ்சினோம்.

"அய்யா, நெழலுக்காவது வாங்க" என்றார் அவர்.

"உள்ளே வந்தால் நீங்கள் என்னைப் பிடித்து வைத்ததாகிவிடும்."

"அப்ப தூக்கையாவது குடுங்க. வெயில்ல சுடுதுல்லா?"

"கொடுத்தால் பறிமுதல் ஆகிவிடும்."

அவர் போகவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் தூக்குவாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஆபீசர் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே மீன்கள் மூடியில் முட்டுகிற சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. டக்... டக்... வரப்போகிற ஆபீசரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் கோத்துக்கொண்டிருந்தேன். நல்ல வாக்கியங்கள்.

"அய்யா... சத்தம் நின்னுபோச்சு."

திறந்தேன். ஒன்று பக்கவாட்டில் மிதந்தது, வெள்ளி இலை மாதிரி. மற்றது வாயை மேலே நீட்டி நீட்டி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது.

அவர் ஓடினார். கொல்லைப்புறம் போய் ஒரு பெரிய பிஸ்கட் ஜாடி நிறைய, நிழலில் இருந்த தண்ணீர் கொண்டுவந்தார். மீனைத் திடீரென்று குளிர்ந்த நீரில் விடக்கூடாது என்று கத்தினேன். கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, கையால் ஏந்தி மாற்றினேன். அது சாய்ந்து சாய்ந்து விழுந்தது. அவர் இரண்டு டம்ளரை எடுத்தார். ஜாடித் தண்ணீரை ஒன்றில் மொண்டு, டீ ஆற்றுகிற மாதிரி உயரத் தூக்கி இன்னொன்றில் ஊற்றி, நுரைத்த தண்ணீரை மறுபடி ஜாடியில் விட்டார். காற்று கலக்க வேண்டுமாம். அவர் கை ஓய்ந்ததும் நான் ஆற்றினேன். நான் ஓய்ந்ததும் அவர். மத்தியான வெயிலில், மெயின் ரோட்டோரம், இரண்டு பெரியவர்கள் வெறும் தண்ணீரை ஆற்றிக்கொண்டிருந்தோம். போகிற வண்டியெல்லாம் பார்த்துக்கொண்டு போனது.

மீன் மெல்ல நிமிர்ந்தது. செவுள் ஒழுங்காக அசைந்தது. "புடிச்சிருச்சுய்யா, மூச்சப் புடிச்சிருச்சு!" என்றார். ஒன்று பிழைத்தது. ஒன்று போயிற்று. ஆணா பெண்ணா, அதுகூடத் தெரியாது.

அப்போதுதான் கேட்டேன். "இவ்வளவு பெரிய ஜாடி உங்களிடம் எப்படி..."

கூட்டிப்போய்க் காட்டினார். செக்போஸ்ட்டின் பின் ஜன்னலில் வரிசையாகப் பிஸ்கட் ஜாடிகள். ஒவ்வொன்றிலும் கப்பி. கீழே பாதியாக வெட்டின பீப்பாயில் பாசிச் செடி. இட்லியைப் பிய்த்துப் போட்டு வளர்க்கிறாராம். தண்ணீர் கலங்கிக் கிடந்தது. ஆனாலும் மீனெல்லாம் கொழுகொழுவென்று இருந்தன.

பெயர் மாடசாமி. இடுக்கிப் பக்கம் எஸ்டேட்டில் பிறந்தவர். "எஸ்டேட் டிஸ்பென்சரில ஒரு கண்ணாடித் தொட்டி இருக்கும்யா. அதப் பாக்கதுக்குன்னே சின்னதுல வயித்துவலின்னு போயி நிப்பேன். இங்க வந்து ரெண்டு வருசமாச்சு. மீனு வளக்கேன்னு சொன்னா, எல்லாரும் என்ன கேக்காங்க தெரியுமா?"

"திங்கற மீனா?"

"அதேதான்யா!" விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் தணிந்த குரலில் சொன்னார்: "தூக்குல மீனு, அதும் உசுரோடன்னதும் எனக்கு ஒரே சந்தோசம். நமக்குப் பேச ஒரு ஆளு வந்தாச்சுன்னு நெனச்சுட்டேன்."

மூன்று வருஷம் ஊர் ஊராகத் தேடினேன். சுவரில் அறிவிப்பு ஒட்டினேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். கடைசியில் அந்த ஆள் தானாகப் பஸ் ஏறி வந்து, நான் ஏங்கின அதே கேள்வியை, நான் ஏங்கின அதே வார்த்தைகளில் கேட்டார். நான் மகஜர் கேட்டேன்.

ஆபீசர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்து, "எந்தா மாடசாமி? ஆரு இது?" என்றார். என் காது சூடாகிவிட்டது. சொல்லட்டும், எல்லாவற்றையும் சொல்லட்டும் என்று நின்றேன்.

"நம்ம சிநேகிதருங்க சார். மீனு பாக்க வந்தாரு" என்றார் மாடசாமி.

பஸ் வசவெல்லாம் ஒன்றுமே இல்லை. இதுதான் சுட்டது.

விதிகளை எதற்காகக் கற்றுக்கொள்கிறோம்? யாரும் நம்மை ஏமாற்றிவிடக் கூடாது என்று. கற்றது வீண்போகவில்லை. என்னை யாரும் ஏமாற்றவில்லை. வந்த சிநேகத்தைக்கூட உள்ளே விடவில்லை என்றால் காவல் எவ்வளவு பலம்!

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "தண்ணீரை வாரம் ஒரு தடவை மாற்ற வேண்டும்" என்றுதான் வந்தது. "செரிய்யா" என்றார். மறுபடி ஒரு பஸ் பயணத்தை அந்த மீன் தாங்காது. அங்கேயே விட்டுவிட்டு, காலித் தூக்குவாளியோடு வீடு வந்தேன். அந்தப் பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் இருந்தார்கள். எனக்கு முன்பே செய்தி வந்துவிட்டது.

மறுநாள் காலை, கொஞ்சம் மீன் தீவனமும் ஒரு கொத்துப் பாசிச் செடியும் எடுத்துக்கொண்டு கோபாலபுரம் போனேன். என்னை வாசலிலேயே கண்டுவிட்டார் மாடசாமி. குறுக்கே கையை நீட்டி, முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு கேட்டார்:

"எந்த விதியின் கீழய்யா மீனப் பாக்க வந்திருக்கீங்க?"

சர்வீஸ் முழுக்க யோசித்துப் பார்த்தேன்... அப்படி ஒரு விதி எனக்குத் தெரிந்து இல்லை.