ஆறு குழியிலும் தேங்காயெண்ணெய்

சினிமாவில் துப்பாக்கி வெடித்தால் எல்லாரும் நடிகன் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். துப்பாக்கிக்குள் என்ன இருந்தது என்று ஒருத்தனும் கேட்பதில்லை. நான் சொல்கிறேன். ரவை இருந்தது. உப்புமாவுக்குப் போடுகிற ரவை. ரங்கூன் தாமுவேயில் இருந்த எங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து போன ரவை.

அம்மாவின் தம்பி எங்களோடுதான் இருந்தார். ரங்கூனில் ஒரு சினிமாக் கம்பெனியில் விளக்குத் தூக்கும் வேலை. பிலிம் சுருளில் படம் பிடித்த காலம் அது. வெள்ளைக்காரன் காலத்துக் கதை எடுக்கும்போது அந்தக் காலத்து ரிவால்வர் வேண்டும். தோட்டா போடுகிற துப்பாக்கி இல்லை. சுழலும் உருளையில் ஆறு குழி. ஒவ்வொரு குழியிலும் கருமருந்தைக் கொட்டி, மேலே ஈயக் குண்டை வைத்து அழுத்தி, பின்பக்கம் பொறி பறக்க ஒரு சின்னச் செப்புத் தொப்பி மாட்ட வேண்டும். சினிமாவில் ஆளைக் கொல்ல முடியாதே, அதனால் குண்டுக்குப் பதில் ரவை. அதைக் கெட்டியாக இறுக்கினால்தான் சத்தம் வரும்.

இந்த வேலையைப் பார்த்து வந்த கிழவர் நின்றுவிட்ட பிறகு துப்பாக்கி பாதி நாள் வெடிக்கவில்லை. மாமா தானே முன்னால் போய், நான் செய்கிறேன் என்றார். ஒரே ஒரு காட்சி தருகிறேன், பார்ப்போம் என்றார் டைரக்டர். ஆறும் நிற்காமல் வெடிக்க வேண்டும். வெடித்தால் அந்த வேலை மாமாவுக்கு. அப்புறம் விளக்குத் தூக்க வேண்டியதில்லை.

துப்பாக்கி கம்பெனிப் பெட்டியில் பூட்டியே இருக்கும். மாமா உருளையை மட்டும் கழற்றி டிபன் கேரியரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். செய்யக் கூடாத காரியம். செய்தார். லான்மடாவில் ஒரு லேத் பட்டறையில் சொல்லி ஒரு கருவி செய்து வைத்திருந்தார். கட்டையில் உருளையை நிறுத்திக் கைப்பிடியை அழுத்தினால் ஓர் இரும்பு முளை குழிக்குள் இறங்கி ரவையை இறுக்கும். முறுக்குப் பிழிகிற மாதிரித்தான். மருந்துக்கு ஒரு பித்தளைக் குடுவை. அதன் மூக்கு நிறைந்தால் ஒரு குழிக்கு அளவு. சனிக்கிழமை மத்தியானம் அப்பாவைச் சுருட்டோடு தெருவுக்கு விரட்டிவிட்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறு குழியையும் நிரப்பினார். கடைசியாக ஒவ்வொரு குழியின் வாயிலும் பன்றிக் கொழுப்பைத் தடவி மூடினார்.

அங்கேதான் வந்தது வினை. அது தை மாதம். அம்மா பூசத்துக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டு விரதம் இருந்தாள். முட்டை கூட வீட்டுக்குள் வரக் கூடாது.

"டேய், என்னடா நாத்தம் இது? பன்னியா?"

"தின்னவா கொண்டாந்தேன் அக்கா? துப்பாக்கி வாயில பூசத்தான்."

"ஏன், துப்பாக்கிக்குத் தலை காஞ்சு போச்சாக்கும்?"

"ஒரு குழி வெடிக்கறப்ப நெருப்பு பக்கத்துக் குழிக்குத் தாவிரும் அக்கா. ஆறும் ஒண்ணா வெடிச்சா புடிச்சவன் கை போயிரும். அதுக்குத்தான் இது."

"எவன் கை போனா எனக்கென்ன? முருகனுக்கு நான் பதில் சொல்லணும். இது இங்க இருந்தா நான் காவடி எடுக்க மாட்டேன், பாத்துக்கோ."

மாமா கொழுப்பு டப்பாவைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் வீசினார். உருளையைத் துணியில் சுற்றி அலமாரி மேல் வைத்தார். அதிலும் கொழுப்பு இருக்கிறது என்று அம்மாவுக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது. எனக்கு ஒன்பது வயது. காவடி நின்றுபோனால் எனக்குப் புதுப்பாவாடை கிடையாது, பால்குடத்தோடு தெருவில் நடக்கவும் முடியாது. பக்தி என்று பொய் சொல்ல மாட்டேன். பாவாடைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மாமா குளிக்கப் போனதும் ஸ்டூல் போட்டு உருளையை இறக்கினேன். தீக்குச்சியால் கொழுப்பை ஒரு பொட்டு விடாமல் வழித்தெடுத்தேன். அந்தக் குளிரில் தலைக்கு வைக்கிற தேங்காயெண்ணெய் போத்தலுக்குள் வெள்ளையாக உறைந்து கிடந்தது. பார்க்கக் கொழுப்பு மாதிரியே இருந்தது. ஸ்பூன் காம்பால் தோண்டி ஆறு குழியையும் மூடினேன். மாமா பூசியதை விட அழகாக. முருகனுக்கும் நல்லது, மாமாவுக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று படப்பிடிப்புக்கு என்னையும் கூட்டிப் போவதாக முன்பே சொல்லியிருந்தார். டிபன் கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். பத்து மணிக்கு வெயில் ஏறிவிட்டது. எனக்கு ஒரு கிண்ணம் மோஹிங்கா வாங்கிக் கொடுத்து மர நிழலில் உட்கார வைத்தார்கள். மாமா உருளையைத் துப்பாக்கியில் மாட்டி, செப்புத் தொப்பிகளைப் பொருத்தி நடிகன் கையில் கொடுத்தார். நடிகன் சின்னப் பையன். கல்யாணமாகி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது என்று பேசிக்கொண்டார்கள். துப்பாக்கியைத் தாடையோரம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

முதலாவது புஸ் என்றது. இரண்டாவது டிக். மூன்றாவது டிக். ஆறும் முடிந்தது. பிலிம் ஓடிக்கொண்டே இருந்தது. சாக வேண்டியவன் எப்போது விழுவது என்று தெரியாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கலா, உன் மருந்தை ரசத்துல போட்டியா?" என்று பர்மிய மொழியில் கத்தினார் டைரக்டர். அங்கே மாமாவுக்கு அதுதான் பெயர். இந்திய முகம் உள்ள எல்லாருக்கும் அவர்கள் வைத்த பெயர். கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மாமா ஓடிப்போய்த் துப்பாக்கியை வாங்கினார். உருளையைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். கரிக்குழம்பாக எண்ணெய் வழிந்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அன்று தலைக்கு நிறைய எண்ணெய் வைத்து இரட்டைச் சடை பின்னியிருந்தேன். அப்புறம் அந்த நடிகனின் கையையும் தாடையையும் பார்த்தார். உருளையைத் தரையில் வைத்துவிட்டார்.

டைரக்டர் கெட்ட மனிதர் இல்லை. கொஞ்ச நேரத்தில் ஆறிப்போய்க் கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயிறு இன்னொரு தடவை பண்ணு. அன்னிக்காவது வெடிக்கணும்."

"வேண்டாம் ஸயா. வேற ஆளைப் பாருங்க. நான் விளக்கே தூக்கறேன்."

எனக்கு வெட்கமாகிவிட்டது. எல்லார் முன்னாலும் கிடைத்த வேலையை வேண்டாம் என்கிறாரே, இவர் என்ன ஆம்பிளை என்று நினைத்தேன். வழியெல்லாம் அவர் என்னைத் திட்டவில்லை. அதனால் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று முடிவு கட்டினேன். பஸ்ஸில் என் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். வியர்த்து வழிந்தது. விடச் சொன்னேன், விடவில்லை.

வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் நானே அம்மாவிடம் போட்டுக் கொடுத்தேன்.

"அம்மா, டைரக்டர் திரும்ப வரச் சொன்னாரு. மாமாதான் பயந்துட்டாரு."

அம்மா சிரித்தாள். முருகனாகப் பார்த்துத்தான் அந்தச் சனியனை வெடிக்க விடாமல் பண்ணினான் என்றாள். "ஏண்டா, நெசமாவே பயந்துட்டியா?"

"ஆமாக்கா," என்றார் மாமா. "ரொம்பப் பயந்துட்டேன்."

எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவர் பாயசத்தையும் சேர்த்து வாங்கிக் குடித்துவிட்டு, பாவாடைக்குத் துணி எப்போது எடுக்கப் போகிறார்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்தேன்.