வரப்புக்கு வயசு போதாது

போன புதன்கிழமை காப்டன் துரை என்னைத் தம் கூடாரத்துக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு போட்டோவை வைத்து, "எவ்வளவு அழகு, பார்த்தாயா?" என்றார்.

துரைசாணியம்மாளின் படமாக இருக்கும் என்று நினைத்து, அதற்குத் தகுந்தாற்போல் முகத்தை வைத்துக்கொண்டு குனிந்தேன். வெறும் தரை! ஆகாய விமானத்திலிருந்து எடுத்த படம். சாம்பல் நிறத்தில் மண்ணும், அதன்மேல் கட்டம் கட்டமாகக் கோடுகளும்தான் இருந்தன.

"ரொம்ப அழகு, சார்" என்றேன். மாதச் சம்பளக்காரனுக்கு வேறு என்ன அபிப்பிராயம் இருக்க முடியும்?

அது எந்த இடம் என்று துரை சொன்னதும் மறுபடி குனிந்து பார்த்தேன். அதைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்த ஒரு முட்டாள்தனத்தைச் சொல்லியாக வேண்டும்.

இந்தப் பக்கத்தை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் உத்தியோகம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். தினமும் திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி, சில ஸ்டேஷன் தள்ளி இறங்கி, யுத்தத்துக்காக நிலம் எடுக்கிற முகாம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாக இருக்கிறேன். "இந்த நிலம் இனி உன்னுடையதல்ல" என்று இங்கிலீஷில் அடித்து வருகிற நோட்டீஸை, நிலத்துக்காரனுக்குத் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். தாய்மொழியில் கேட்டால் வலிக்காது என்று நினைக்கிறார்கள் போலிருக்கிறது. எந்த ஊர் என்று மட்டும் கேட்காதீர்கள். எழுதினால் சென்சார்காரர் மை பூசிவிடுவார். மைக்கும் இப்போது பஞ்சம்.

ரயில் சைடிங், அதாவது சரக்கு வண்டிக்கான கிளைப் பாதை, எந்த வழியாகப் போக வேண்டும் என்று காகிதத்தில் கோடு போடுகிறவர்தான் காப்டன் துரை. நல்ல மனுஷர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. கத்தமாட்டார், பூட்ஸ் காலைத் தூக்கமாட்டார், பியூனுக்குக்கூட "தாங்க்யூ" சொல்லுவார். ஒரே ஒரு கோளாறு... அவருக்கு வரப்புப் பைத்தியம்.

ஆமாம், சாட்சாத் வரப்புத்தான். நாம் ஒற்றையடியாக நடந்து, வழுக்கி விழுந்து, எழுந்து போகிற அதே வரப்பு.

அவர் ஊர் இங்கிலாந்தில் தெற்கே, சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கிற பக்கம். அந்தக் குன்றுகளின் சரிவில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பழங்கால வயல்கள் இருக்கின்றனவாம். வயல்கள் என்றால் பயிர் கிடையாது. பயிர் வைத்தவனும் கிடையாது. அவன் செத்து இரண்டாயிரம் வருஷமாகிறது. புல் மூடிக் கிடக்கும் தரையில், அவன் போட்ட வரப்பு அரையடி உயரத்துக்கு லேசாகத் தூக்கிக்கொண்டு தெரியும். அதுவும் எப்போதும் தெரியாது. காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போதுதான் நிழல் கட்டித் தெரியும். விமானத்தில் ஏறிப் பார்த்தால் ஒரு கிராமமே தெரியுமாம். இங்கே குடிசை வட்டம், இங்கே தானியக் குழி, இது மாடு போன பாதை என்று சொல்லிவிடலாமாம்.

"கண்டுபிடித்த பிறகு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன்.

"பாதுகாப்போம். சட்டம் இருக்கிறது. யாரும் அதில் ஏர் பூட்டக் கூடாது. ஆடு மேயலாம், அவ்வளவுதான்."

அதோடு நிற்கவில்லை. "யார் இந்த வரப்பைப் போட்டான்? அவன் பெயர் என்ன? பக்கத்து வயல்காரனோடு சண்டை போட்டிருப்பானா? இதெல்லாம் தெரியாமலே செத்துப்போவேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வரப்புச் சண்டையைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால், இதோ கூப்பிடு தூரத்தில் ஏகாம்பரம் இருக்கிறாரே! தமக்கும் பங்காளிக்கும் நடுவில் இருக்கிற வரப்பு எந்த வருஷம் எத்தனை விரற்கடை நகர்ந்தது, யார் நகர்த்தினான் என்று மூன்று தலைமுறைக் கதையை மூச்சு விடாமல் சொல்லுவாரே!

ஏகாம்பரத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முகாமுக்குத் தெற்கே ஏரிப் பாசனத்தில் நாலு கழனி வைத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அரிசி அவரிடமிருந்துதான் வரும். துரை போட்ட கோடு அந்த நாலு கழனியின் நட்டநடுவே போயிற்று. சம்பா கதிர் வாங்கி நின்ற சமயத்தில் நான்தான் போய் நோட்டீஸைப் படித்தேன். அவர் மனைவி கன்னியம்மா முழுதும் கேட்டுவிட்டு, "இன்னா அண்ணாத்தே, ஏதோ கல்யாணப் பத்திரிக மாதிரி படிக்கிறியே?" என்றாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் ஒரு வழி பிறந்தது. துரையின் பைத்தியத்திலிருந்தே பிறந்தது!

ஏகாம்பரத்தின் கழனியை ஒட்டி ஒரு மேடு உண்டு. ஊரில் நத்தமேடு என்பார்கள். எந்தக் காலத்திலோ ஊர் இருந்து அழிந்த இடம். இப்போது வெறும் முள்ளும் காரைச் செடியும்தான். மழை பெய்தால் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடுகள் மினுக்கும். விமானப் படம் ஒன்றில் அந்த மேட்டின்மேல் கட்டம் கட்டமாக ஏதோ தெரிவதைத் துரை பார்த்துவிட்டார். அன்று மத்தியானம் அவர் டிபன்கூடச் சாப்பிடவில்லை.

"ஊர் தெரிகிறது... வயல் தெரிகிறது! என் ஊரில் இருப்பது போலவே!" என்று குதித்தார். "ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் சாய்ந்து விழும்போது நேரில் வந்து பார்க்கிறேன். வரப்புகள் இருப்பது நிஜமானால் மேலே எழுதிக் கோட்டை வடக்கே தள்ளிவிடலாம். அங்கே களர் நிலம்தானே?"

கோடு வடக்கே போனால் மேடு பிழைக்கும். மேடு பிழைத்தால் அதை ஒட்டிய ஏகாம்பரத்தின் நாலு கழனியும் பிழைக்கும். எவ்வளவு சுலபம்!

இங்கேதான் என் முட்டாள்தனம் வருகிறது.

நான் ஓடிப்போய் ஏகாம்பரத்திடம் சொன்னேன்: "ஞாயிற்றுக்கிழமை காலையில் துரை நத்தமேட்டைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துப்போனால் உங்கள் நிலம் தப்பும். இடம் தயாராக இருக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னேன். எதைப் பார்க்க வருகிறார், ஏன் பார்க்க வருகிறார் என்று சொல்லவில்லை. குடியானவனுக்கு இதெல்லாம் எங்கே புரியப்போகிறது என்ற எண்ணம்! இரண்டு பாஷை படித்தவனுக்கு இந்தக் கொழுப்பு கொஞ்சம் இருக்கும்.

ஒரு துரை ஊருக்கு வருகிறார் என்றால் நம் ஜனங்கள் என்ன செய்வார்கள்? கலெக்டர் ஜமாபந்திக்கு வந்தபோது என்ன செய்தார்கள்? அதையேதான் செய்தார்கள். வெள்ளியும் சனியுமாக ஊரே திரண்டது. முள்ளை வெட்டினார்கள். செடியைப் பிடுங்கினார்கள். மேடு பள்ளமாக இருந்தால் பூட்ஸ் கால் இடறாதோ? நாலு ஜோடி மாடு பூட்டிப் பரம்பு ஓட்டினார்கள். பரம்பு என்பது சேற்று வயலைச் சமன் செய்கிற நீளப் பலகை. நாற்று விடுவதற்குக்கூட அவ்வளவு சிரத்தையாக ஓட்டியிருக்கமாட்டார்கள். ஓடெல்லாம் காலில் குத்துமே என்று பெண்கள் கூடை கூடையாகப் பொறுக்கி ஏரிப் பள்ளத்தில் கொட்டினார்கள். மேலே தண்ணீர் தெளித்து, மாவிலைத் தோரணம் கட்டி, நடுவில் பெரிதாக ஒரு கோலம்.

ஞாயிறு காலை ஜீப் வந்து நின்றது. துரை கையில் படத்தோடு குதித்து இறங்கினார். மேட்டின்மேல் ஏறினார். நின்றார்.

சாய்ந்த வெயில் அருமையாக விழுந்தது. மேடு வழித்துவிட்ட அம்மிக்கல்லைப் போலப் பளபளவென்று கிடந்தது.

துரை படத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். படத்தைத் திருப்பினார், தாமும் திரும்பினார். "எங்கே?" என்றார்.

ஏகாம்பரம் கைகட்டிக்கொண்டு முன்னால் வந்தார். முகமெல்லாம் பெருமை. "தொரை கால்ல ஒரு கல்லு குத்தாது சார். எல்லாத்தையும் ரவ மேடு இல்லாம நெரவிக்கினோம். ரெண்டு நாளா ஊரே இங்கதான் கீது."

இதை நான் மொழிபெயர்க்க வேண்டும். என் உத்தியோகத்தில் அவ்வளவு கஷ்டமான வாக்கியம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. சொன்னேன். துரை தொப்பியைக் கழற்றினார். கோலத்தின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன். சத்தியமாகப் பார்த்தேன்.

நான் அப்போதுதான், இரண்டு நாள் தாமதமாக, ஏகாம்பரத்துக்கு விஷயத்தை விளக்கினேன். அவர் முகம் செத்துப்போயிற்று. ஏரிப் பள்ளத்துக்கு ஓடினார். மூச்சிரைக்க ஒரு கூடை ஓட்டோடு திரும்பி வந்து, துரையின் காலடியில் கொட்டினார். "தோ கீது சார்! இன்னும் பத்துக் கூட கீது! எந்தெந்த எடத்துல கெடந்துச்சோ அங்கியே வெச்சிர்றோம் சார்!"

துரை தலையை ஆட்டினார். "கிடந்த இடத்தில் இருந்தால் அது சரித்திரம். கூடையில் வந்தால் அது உடைந்த பானை."

அப்போதும் ஏகாம்பரம் விடவில்லை. பக்கத்தில் பச்சையாக நின்ற தம் கழனியைக் காட்டினார். "ரைட்டரய்யா, தொரைக்கு வரப்புதானே ஓணும்? தோ, என் வரப்பு கீதே! எங்க தாத்தனுக்குத் தாத்தன் போட்டது. இதப் பாத்து எயுதச் சொல்லுங்க. அறுவம்புல்லு எப்பிடி வேர் புடிச்சிக் கீது பாருங்க. நாலு ஆளு கடப்பாற போட்டாலும் வராது!"

சொன்னேன். துரை எழுந்து வந்தார். ஏகாம்பரத்தின் வரப்பின்மேல் பத்தடி நடந்தார். இரண்டு பக்கமும் கதிர் அவர் முழங்காலில் உரசியது. அனுதாபத்தோடுதான் பார்த்தார். குறை சொல்ல முடியாது.

"நல்ல வரப்புத்தான்" என்றார். "ஆனால் வயசு போதாது."

இதையும் மொழிபெயர்த்தேன். கன்னியம்மா கேட்டாள். "ஏன் அண்ணாத்தே, செத்தவன் வரப்பு இன்னா பாவம் பண்ணிச்சின்னு அழுவுறாரே, உசுரோட கீறவன் வரப்பு கண்ணுக்குத் தெர்லியாமா?"

இதை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. துரை, "அந்த அம்மாள் என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார். "வெயில் ஏறுகிறது, மோர் சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறாள்" என்றேன். கோழை என்று நீங்கள் சொல்லலாம். நானே சொல்லிக்கொண்டுவிட்டேன். கன்னியம்மா, பாவம், நிஜமாகவே மோர் கொண்டுவந்தாள். துரை குடித்துவிட்டு "தாங்க்யூ" சொன்னார்.

"பழமையான தடயம் ஏதும் காணப்படவில்லை" என்று அவர் ரிப்போர்ட் போயிற்று. கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அறுப்புக்கு இன்னும் பதினைந்து நாள் கேட்டோம். சைடிங்குக்கு அவசரம். முற்றாத சம்பா மாட்டுக்குத் தீனியாயிற்று. வரப்பைக் கடப்பாறையால் பெயர்க்கவே முடியவில்லை. ஏகாம்பரம் சொன்னது பொய்யில்லை. ராட்சச மிஷின் ஒன்றைக் கொண்டுவந்து வழித்தார்கள்.

இப்போது போன புதன்கிழமைக்கு வருவோம்.

"தெரிகிறதா? இது அந்த ஏகாம்பரத்தின் வயல்!" என்றார் துரை, மேஜைமேல் இருந்த படத்தைத் தட்டி. வழித்த நிலத்தில் பாதிக்கு மேல் இன்னும் தண்டவாளம் போடவில்லை. நடுவில் ஒரு கோடை மழை பெய்ததல்லவா? வரப்பு இருந்த இடத்திலெல்லாம் அறுகம்புல் மறுபடி முளைத்திருக்கிறது. தரையில் நின்றால் ஒன்றும் தெரியாது. மேலே விமானத்திலிருந்து பார்த்தால் நாலு கழனியும் கட்டம் கட்டமாக அப்படியே! "வேர் போகவில்லை, பார். எத்தனை நூற்றாண்டு ஆனாலும் இது இப்படியே தெரியும். என் ஊரில் இருப்பது போலவே!" துரைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

படத்தை இரவல் வாங்கிக்கொண்டு வந்தேன். ஏகாம்பரம் இப்போது அதே சைடிங்கில் ஜல்லிக்கூடை சுமக்கிறார், தம் சொந்த நிலத்தின்மேல். சாப்பாட்டு வேளையில் போய்ப் படத்தை நீட்டினேன்.

கையைத் துணியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். ஒரு நொடிதான் பார்த்தார். "தலகீயா வெச்சிக்கினு கீறீங்க சார்" என்று திருப்பிப் பிடித்தார். "ஏரி இந்தப் பக்கம். தோ, மதகு. இது கன்னிம்மா நாத்து வுடுற கயனி. இந்தக் கோணலு எங்க பங்காளி நவுத்துனது." விரல் ஒவ்வொரு கோட்டின்மேலும் போயிற்று. எந்த இடத்திலும் தயங்கவில்லை.

இங்கிலீஷ் விமானமும் இங்கிலீஷ் காமெராவும் இங்கிலீஷ் காப்டனும் நானும் சேர்ந்து தலைகீழாகப் பார்த்து ரசித்திருக்கிறோம்.

துரை சொன்னதையெல்லாம் இந்தத் தடவை ஒன்று விடாமல் சொன்னேன். சீமையில் சட்டம் இருப்பதையும் சொன்னேன். இப்படி வரப்பு தெரிந்தால் ஏர்கூட வைக்க விடமாட்டார்கள் என்றேன். ஏகாம்பரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ இதுக்கும் அது மாதிரி வருமா சார்?" என்றார்.

வரும் என்றேன். பொய் சொல்லவில்லை. ஏகாம்பரம் இன்னும் ஓர் இரண்டாயிரம் வருஷம் பொறுத்துக்கொண்டால் போதும், அவர் நிலத்தின்மேல் ஒரு பயல் கால் வைக்க முடியாது!