மேல மூலைக்கு ஒரு கட்டம்

படிவத்தின் பதினான்காம் கட்டம் கேட்டது ஒரே கேள்விதான்: ஆட்டக்காரர் நிற்பது இடது மூலையா, வலது மூலையா? இரண்டில் ஒன்றைத் தொட்டால் அடுத்த பக்கம் திறக்கும். தொடாவிட்டால் திறக்காது. மூன்று வாரமாக ஸ்ரீதேவி அந்தப் பக்கத்தைத் தாண்டவில்லை.

அவர் தென்காசியில் ஒரு தனியார் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர். வயது நாற்பத்தாறு. வடநாட்டு நகரம் ஒன்றின் பெயரில் ஆடும் தொழில்முறைக் கபடி அணிக்காக, இப்பகுதியின் கல்லூரி ஆட்டக்காரர்களை மதிப்பிட்டு அறிக்கை அனுப்பும் பொறுப்பை நான்காண்டுகளாகச் சேர்த்துச் செய்துவருகிறார். ஆண்டுக்கு ஒரு பெயரை மட்டும் அணியின் பயிற்சி முகாமுக்கு இங்கிருந்து ஏற்பார்கள். முகாமில் தேறியவனுக்கு ஒப்பந்தம் கிடைக்கும். இவ்வாண்டு அந்தப் பெயர் மாரிச்செல்வமாக இருக்கலாம் என்பது அவர் எண்ணம். ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், மாலை ஆறு மணியோடு படிவம் மூடப்படும்.

ஸ்ரீதேவியும் ஒரு காலத்தில் மூலையில் நின்று பிடித்தவர்தாம். பத்தொன்பது வயதில் மாநில அணித் தேர்வுக்குச் சென்றபோது, குடையின் கீழ் அமர்ந்திருந்த தேர்வாளர் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "உயரம் போதாது" என்று எழுதிக்கொண்டு எழுந்து போனார். அளவுநாடாவை யாரும் எடுக்கவில்லை. அன்றிலிருந்து அளக்காத எதையும் அவர் நம்புவதில்லை. போகுமிடமெல்லாம் எடைக்கருவியும் நாடாவும் அவருடைய பையில் போகும்.

ஆனால் உலகம் அளக்கவிடுவதில்லை. எண்பது கிலோ என்று பயிற்சியாளர் சத்தியம் செய்யும் ஆட்டக்காரன் கருவியில் ஏறினால் எழுபத்திரண்டு காட்டும். "காலையில சாப்பிடல மேடம்" என்பார்கள். எட்டுக் கிலோவுக்கு யார் சாப்பிடுவார்? பிடிப்பவனின் வீடியோவைக் கேட்டால், பாடி வருபவனை மட்டும் படமெடுத்து, மேலே ஒரு சினிமாப் பாட்டையும் ஒட்டி அனுப்புவார்கள். பிடி விழும் நொடியில் படமெடுத்தவன் துள்ளிக் குதிப்பதால் ஆகாயம் தெரியும்.

மாரிச்செல்வம் வேறொரு கல்லூரியில் மூன்றாமாண்டு வணிகவியல் மாணவன். பண்பொழிக்குப் பக்கத்து ஊர். ஊர் மைதானத்தில் ஊர் அணிக்காக அவன் ஆடிய பதினொரு ஆட்டங்களின் வீடியோவை ஸ்ரீதேவி நிறுத்தி நிறுத்திப் பார்த்துக் குறிப்பேட்டில் கோடிட்டார். இடது மூலையில் முப்பத்து நான்கு முயற்சி, இருபத்தொரு பிடி. வலது மூலையில் முப்பத்து மூன்று முயற்சி, இருபது பிடி. இப்படி ஒரு கணக்கை அவர் கண்டதே இல்லை. மூலையில் நிற்பவன் எவனுக்கும் ஒரு பக்கந்தான் வாகாக இருக்கும். கைப்பேசி படத்தைக் கண்ணாடிபோலத் திருப்பிவிட்டதோ என்று ஐயுற்று, பின்னாலிருந்த விளம்பரப் பலகையின் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பார்த்தார். எழுத்துகள் நேராகவே இருந்தன. முதற்பாதியில் ஒரு மூலை, இடைவேளைக்குப் பின் மறு மூலை என்று பதினொரு ஆட்டத்திலும் அவன் இடம் மாறியிருந்தான்.

ஊர் அணியை நடத்தும் பேச்சிமுத்துவைக் கைப்பேசியில் அழைத்தார். பேச்சிமுத்து பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். எதையும் உரக்கச் சொல்பவர்.

"அண்ணாச்சி, மாரிச்செல்வம் லெப்ட்டா, ரைட்டா?"

"அவன் மேல மூலைம்மா."

"அது தெரியுது. லெப்ட்டா ரைட்டா?"

"மேல மூலைன்னு சொல்லுதேன்லா! கீழ மூலைக்கு வேற ஆளு நிக்கான்."

மூன்று முறை அழைத்தும் இதே விடைதான். நான்காம் முறை ஸ்ரீதேவி பேருந்தேறி அந்த மைதானத்துக்கே போய் நின்றார். போனபிறகு விளங்கியது. மைதானம் தெற்குவடக்காக நீண்டிருந்தது. அணி வடக்குப் பாதியில் நின்று தெற்கு நோக்கினால் மேற்கு வலக்கைப் பக்கம் வரும். இடைவேளைக்குப் பின் தெற்குப் பாதிக்குப் போய் வடக்கு நோக்கினால் மேற்கு இடக்கைப் பக்கம் வரும். ஊரார் மூலையைக் கையால் பிரிக்கவில்லை, திசையால் பிரித்திருந்தார்கள்: மேற்கே மேல மூலை, கிழக்கே கீழ மூலை. பையன் இடம் மாறவேயில்லை. பதினொரு ஆட்டத்திலும் மேற்கேயே நின்றிருந்தான்.

"ஏன் மேற்கிலேயே நிறுத்துறீங்க?"

"சாயங்கால ஆட்டம்லா. அவன் முதுகுல வெயிலு. பாடி வாரவன் கண்ணுல வெயிலு. எதிராளிக்குக் கண்ணு கூசும், இவன் காலப் பிடிப்பான்."

ஸ்ரீதேவிக்குத் தலை சுற்றியது. மூன்று வாரமாக மதிப்பிட்டது இவனையா, சூரியனையா? உள்ளரங்கத்தில் சூரியன் கிடையாது. வீட்டுக்குத் திரும்பி, சாரல் தொடங்கியபின் ஆடிய ஆட்டங்களைத் தனியே பிரித்தார். வானம் மூடிக் கிடந்த நாள்கள் நான்கு. இருபத்தாறு முயற்சி, பதினாறு பிடி. வெயில் இல்லாமலும் பிடித்திருக்கிறான். ஆனால் நான்கு ஆட்டத்தை வைத்து ஒருவன் வாழ்க்கைக்குக் கையெழுத்துப் போட அவர் அந்தக் குடைக்காரர் அல்லர்.

படிவம் மூடும் சனிக்கிழமை காலை, குற்றாலம் சாலையில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கேட்டு வாங்கினார். ஆடி மாதமாதலால் முகூர்த்தமின்றி மண்டபம் சும்மா கிடந்தது. தூண்கள் இடைஞ்சலாக இருந்ததால் கபடி விரிப்பைக் குறுக்காக விரித்தார்கள். மணவறை விரிப்புக்குப் பக்கவாட்டில் அமைந்தது. வெளியே சாரல், சன்னல்களை அடைத்து விளக்குகளைப் போட்டிருந்தார்கள். பாடி வருவதற்குத் தம் கல்லூரி அணியிலிருந்து அகமது கபீரையும் வேறு மூவரையும் அழைத்து வந்திருந்தார். பேச்சிமுத்து தம் ஏழு பேரோடு வந்து இறங்கினார்.

மாரிச்செல்வம் விரிப்பில் ஏறி நான்கு சுவரையும் பார்த்தான்.

"மேடம், மேக்க எங்கன இருக்கு?"

"இங்க மேக்கும் கிடையாது, கிழக்கும் கிடையாது. லெப்ட், ரைட், அவ்வளவுதான். லெப்ட்ல போய் நில்லு."

அவன் தன் இரு கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டு நின்றான். அகமது கபீர் பாடிச் சென்றான். "லெப்ட்டு! லெப்ட்டு!" என்று பக்கத்தில் நின்றவன் கத்த, மாரிச்செல்வம் அரை நொடி யோசித்தான். அந்த அரை நொடியில் கபீர் அவனைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்குத் திரும்பியிருந்தான். பத்து முறை பாடியதில் இரண்டே பிடி. அவற்றிலும் ஒன்று கபீர் வழுக்கியதால் கிடைத்தது.

"இதுக்கா மூணு வாரம் பாத்தீங்க மேடம்?" என்றான் கபீர்.

ஸ்ரீதேவி குறிப்பேட்டில் பையனின் பெயர்மீது பேனாவை வைத்தார். அடித்துவிட்டால் தீர்ந்தது. வேறு பெயர் கைவசம் இல்லை. இவ்வாண்டு வெற்றுப் படிவந்தான் போகும்.

"பேர அடிச்சிராதம்மா!" பேச்சிமுத்துவின் குரல் மண்டபத்தில் எதிரொலித்தது. "அவனுக்குத் தெச தெரியல. ஏலே மாரி, கோட்டிக்காரா, மணவறை மேக்கதாம்லே இருக்கும்! மாப்ள கெழக்க பாத்துதான உக்காருவான்? அந்தப் பக்கம் போய் நில்லு."

"அண்ணாச்சி, நான் என்ன சொன்னேன்?"

"ஒரே ஒரு பத்துப் பாட்டும்மா. பெறவு அடிச்சுக்கோ."

மாரிச்செல்வம் மணவறைப் பக்க மூலைக்குப் போனான். "மேக்க வாரான்! மேக்க!" என்று அணி கத்தியது. கபீரின் முன்கால் நுழைந்ததுதான் தெரியும். கணுக்கால் மாரிச்செல்வத்தின் இரு கைக்குள்ளும் இருந்தது. பத்துக்கு ஏழு பிடி. ஸ்ரீதேவி அணியை எதிர்ப்பாதிக்கு மாற்றினார். அவன் மணவறைப் பக்கமே நின்றான். கை மாறியது, ஆள் மாறவில்லை. பத்துக்கு ஆறு. கபீர் கணுக்காலைத் தேய்த்தபடி உட்கார்ந்துவிட்டான்.

வாசலில் நின்று வேடிக்கை பார்த்த மண்டபக் காவலர் குத்தாலிங்கம் அப்போது குறுக்கிட்டார்.

"யாரு சொன்னா மணவறை மேக்கன்னு? அது வடக்கல்லா இருக்கு. மனை சரியில்லன்னு வடக்க கெட்டிட்டாவ. மாப்ள பொண்ண மட்டும் கெழக்க பாத்துத் திருப்பி உக்கார வச்சிருவோம்."

மாரிச்செல்வம் மணவறையையும் தன் கைகளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அப்பம் நான் பதிமூணு பேரப் பிடிச்சது?"

"வட மூலையில பிடிச்சிருக்கலே," என்றான் கபீர். மற்ற ஆறு பேரும் சிரித்தார்கள்.

ஸ்ரீதேவிக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரத்து முடிச்சு அந்த நொடியில் அவிழ்ந்திருந்தது. அவனுக்குச் சூரியன் தேவையில்லை. மேற்கு மெய்யாக மேற்கில் இருக்கவும் தேவையில்லை. இதுதான் மேற்கு என்று ஒரு பக்கத்தை யாராவது காட்டிவிட்டால், இடக்கையிலும் வலக்கையிலும் ஒன்றுபோலப் பிடிப்பான். அப்படிப்பட்ட ஒருவனை அவர் அதுவரை மதிப்பிட்டதில்லை.

அங்கேயே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து படிவத்தைத் திறந்தார். பதினான்காம் கட்டத்தில் இடதையும் வலதையும் தொட்டார். ஒன்றைத் தொட்டால் மற்றது அணைந்தது. இருபது நிமிடம் அதனோடு மல்லுக்கட்டிவிட்டு, இடதைத் தொட்டுப் பக்கத்தைக் கடந்தார். கடைசியிலிருந்த குறிப்புப் பகுதியில் இவ்வாறு எழுதி அனுப்பினார்: "இரு மூலையிலும் சமமாக ஆடுவார். புதிய அரங்கில் நுழைந்ததும் மேற்குத் திசை எது என்று இவருக்குச் சொல்ல வேண்டும்."

ஐந்தரை மணிக்கு அணியின் சென்னை அலுவலகத்திலிருந்து கிருபா என்ற பெண் அழைத்தாள்.

"மேடம், அந்தக் குறிப்பு... வாஸ்து மாதிரியா?"

"வாஸ்து இல்லம்மா."

"சாமி நம்பிக்கையா? நாங்க கோச்சுக்கு இந்தியில எழுதி அனுப்பணும்."

ஸ்ரீதேவி மைதானத்தின் நீளத்தையும் வெயிலையும் சாரலையும் மணவறையையும் முதலிலிருந்து சொன்னார். கிருபா இருமுறை, "அப்போ லெப்ட்தானே மேடம்?" என்றாள். மூன்றாம் முறை ஸ்ரீதேவி கல்லூரியில் பாடம் நடத்தும் குரலுக்கு மாறினார். ஆறு மணிக்கு மூன்று நிமிடம் இருக்கையில் கிருபா பெயரை முகாம் பட்டியலில் ஏற்றினாள்.

"ஒரே ஒரு டவுட் மேடம். அங்க மேற்கு எதுன்னு எங்க ஆளுங்களுக்குத் தெரியாதே."

"தெரிய வேண்டாம். ஏதாவது ஒரு சுவத்தக் காட்டுங்க. பொய்யாவது சொல்லுங்க."

இணைப்பு அறுந்ததும் பேச்சிமுத்துவை அழைத்து, பையன் முகாமுக்குப் போகிறான் என்று சொன்னார். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"நாந்தான் முத நாளே சொன்னேன்லாம்மா, அவன் மேல மூலைன்னு. நீதான் கேக்கல."

ஸ்ரீதேவி கைப்பேசியை அணைத்து, எடைக்கருவிக்கு அடியில் வைத்துப் பையை மூடினார்.