ஐயர் கீழே வைத்த இலை

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கத்தில், ராசிபுரத்துக்கும் சேந்தமங்கலத்துக்கும் நடுவே இருந்த ஒரு சின்னக் கிறிஸ்தவச் சபையில் நான் மூப்பன், அதாவது போதகருக்குத் துணையாகச் சபைக் காரியங்களைப் பார்க்கும் இரண்டு பேரில் ஒருவன். மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார், நாலு புத்தகம் படித்தவன், கணீரென்ற குரல். மூப்பனாவதற்கு எங்கள் ஊரில் இதற்கு மேல் எதிர்பார்க்க மாட்டார்கள். இன்னொரு மூப்பருக்கு நிலமும் கிணறும் இருந்தன. ஆகவே அவருக்குக் குரல்கூடத் தேவைப்படவில்லை.

அறுப்பின் பண்டிகையன்று ஆராதனை முடிந்ததும் பந்தலில் சாப்பாடு. முதல் பந்தி ஆண்களுக்கு, அடுத்தது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும். நிலக்காரர், கூலிக்காரர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். வெளியூர்க்காரர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். எச்சில் இலைகளை மட்டும் எப்போதும் கூலிக்காரக் குடும்பத்தார்தான் எடுப்பார்கள் என்பதைச் சொல்ல மாட்டோம். மறைத்தோம் என்றில்லை. அது எங்கள் கண்ணில் பட்டதே இல்லை.

அன்று காலை பிரசங்கம் என்னுடையது. ஆண்டவர் சீஷர்களின் கால்களைக் கழுவியதைப் பற்றி. நான் பேசியதைக் கேட்டு நானே உருகிப்போயிருந்தேன்.

முதல் பந்தி எழுந்து கை கழுவியது. இலைகள் அப்படியே கிடந்தன. கூலிக்காரர்களில் ஒருவர், நிலக்கார மூப்பரின் கிணற்றில் மாடு கட்டி நீர் இறைப்பவர், எங்கள் போதகரான ஐயரிடம் வந்து நின்றார்.

"இந்த வருசம் இலைய நாங்க எடுக்கறதில்லீங்க. மூப்பருங்க ரெண்டு பேரும் எடுக்கட்டுமுங்க. முடியாதுன்னா சொல்லிருங்க, ஊட்டுக்குப் போயர்றோம். அப்புறம் ஞாயித்துக்கெழமை எங்களத் தேடாதீங்க."

மரியாதை கொஞ்சமும் குறையாமல்தான் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது. சபையில் பாதிப்பேர் அவர் பின்னால் நின்றார்கள்.

"ஏப்பா, சோத்தத் தின்னுபோட்டுப் பேசற பேச்சா இது?" என்றார் நிலக்காரர். பரிமாறுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்ததால் அவர் இன்னும் சாப்பிடவில்லை.

"சோறு கர்த்தர் குடுத்ததுன்னு காத்தால வாத்தியார் சொன்னாருங்களே."

நான் கொல்லிமலையைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன்.

வெயில் ஏறியது. பிள்ளைகள் பசியில் சிணுங்கினார்கள். காகங்கள் பந்தலுக்குள் வந்து இலைகளின் மேல் நடந்தன. ஐயர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து ஓர் இலையை எடுத்தார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அடுத்த பிரசங்கத்துக்குப் பொருள்கூடக் கிடைத்துவிட்டது.

நீர் இறைப்பவர் ஐயரின் மணிக்கட்டைப் பிடித்தார். ஐயரை யாரும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

"வெச்சிருங்க சாமி. நீங்க எடுத்தா ஊரே உங்களக் கும்புடும். வார வருசம் இலை எங்களுக்கேதான் வரும்."

ஐயரின் கையில் இருந்த ஒரே பதில் அந்த இலைதான். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"நீங்க சொல்றது சரிங்க. இத்தன வருசம் இங்க சாப்பிட்டேன். இலைய யாரு எடுக்கறாங்கன்னு திரும்பிப் பாக்கல. மேய்ப்பன்னு பேர மட்டும் வெச்சுக்கிட்டேன்."

வெறுங்கையோடு நின்றார். தாழ்மையைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் தாழ்மையுள்ளவர் எதையாவது பிரமாதமாகச் செய்துகொண்டே இருப்பார். பிரமாதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒருவர் நிற்பதை அன்றுதான் பார்த்தேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குனிந்தேன். இலையை அப்படியே தூக்கினேன்; ரசம் முழங்கை வரை ஓடியது.

"மடிச்சு எடுங்க வாத்தியாரே. பிரசங்கமெல்லாம் சட்டையில ஊத்துது" என்றது ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை. நான் ஒவ்வொன்றாக மடித்து எடுத்தேன்.

நிலக்காரர் வண்டியைப் பூட்டினார். மனைவியையும் ஏற்றிக்கொண்டார். நீர் இறைப்பவர் துண்டை உதறித் தோளில் போட்டார். "ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் எடுத்திருக்காருங்க." அவருடைய ஆட்கள் பிள்ளைகளைக் கைப்பிடித்தார்கள். வண்டி நகர்ந்தால் அவர்களும் நகர்வார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது.

ஐயர் வண்டியருகே போனார். கண்டிக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"உங்ககிட்டயும் நான் மன்னிப்புக் கேக்கோணுமுங்க. இது தப்புன்னு உங்களுக்கு ஒரு நாளும் நான் சொன்னதில்ல. இன்னிக்கு எல்லாரு முன்னாலயும் அத நீங்க அவுரு வாயால கேக்கும்படி விட்டுட்டேன்."

நிலக்காரர் வண்டியை ஓட்டவில்லை. உள்ளேயிருந்து அவர் மனைவி, "எனக்குப் பசிக்குதுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் பந்தலுக்குள் போய்விட்டார்.

ஐயர் ஓர் இலையில் சோறு கொண்டுவந்து நீட்டினார். நிலக்காரர் வண்டியில் உட்கார்ந்தபடியே, தலை நிமிராமல் சாப்பிட்டார். முடித்ததும் இலை கையில் இருந்தது. பந்தல் முழுக்க அந்த இலையைத்தான் பார்த்தது. அவர் வேலியோரக் குப்பைக்குழியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், தன் கிணற்றில் நீர் இறைப்பவரைப் பார்த்தார். பிறகு இறங்கி, முன்பக்கம் போய், இலையைத் தன் காளையின் வாயருகே நீட்டினார்.

காளை மென்று முடிக்கும்வரை நீர் இறைப்பவர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி, இந்த வருசம் மாடு எடுத்துருச்சு" என்று தன் ஆட்கள் பக்கம் திரும்பினார். "புள்ளைங்கள உக்கார வெய்யுங்க. வார வருசத்தப் பின்னால பாக்கலாம்."